விருந்தாளி மூலை

ஏழு பத்துக்கு மரகதம் கைக்கடிகாரத்தின் பொத்தானை அமுக்கிவிட்டு வரப்பின்மேல் காலை நன்றாக ஊன்றி நின்றாள். பதினைந்து நிமிடம். அதுவரை நகரக் கூடாது, வாய் திறக்கக் கூடாது, கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததுமான அத்தனை பறவைகளையும் நோட்டில் ஏற்ற வேண்டும், பறவைக் கணக்கெடுப்புக்கு அவ்வளவுதான் விதி. பொங்கலை ஒட்டி ஊரெல்லாம் வாசலில் கோலத்தோடு குனிந்து கிடக்கும்போது இவள் மட்டும் பஸ் ஏறி ஊஞ்சவலசுக்கு வந்து, வேலப்பனுடைய சோளக்காட்டு ஓரத்தில் இப்படி நட்டுவைத்த கல் மாதிரி நிற்கிறாள். இருபது வருஷமாக நிற்கிறாள். நேரம் முடிந்ததும் கடிகாரம் அடிக்க வேண்டும். ஆனால் அது அடித்து மூன்று வருஷம் ஆகிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தபோது கூட வேலை பார்த்தவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. மணி சரியாகக் காட்டுகிறது, தேதி காட்டுகிறது, பொத்தானை அமுக்கினால் உள்ளே பச்சையாக விளக்குக்கூட எரிகிறது, வாய் மட்டும் அடைத்துப்போய்விட்டது. பேட்டரி மாற்றிய கடைக்காரன், நல்லாத்தானுங்களே அடிக்குது என்றான். கடைத்தெரு இரைச்சலில் அவன் எதைக் கேட்டானோ, அவனோடு யார் மல்லுக்கு நிற்பது என்று மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். இருந்தாலும் ஒவ்வொரு வருஷமும் பொத்தானை அமுக்கத்தான் செய்கிறாள், பழக்கம்.

மயில் அகவியது. ஒன்று. இல்லை, இரண்டு, கிழக்கே இன்னொன்று பதில் கொடுக்கிறது. எழுதினாள். தவிட்டுப்புறா மூன்று. செம்போத்து அடித்தொண்டையில் ஊப் ஊப் என்கிறது, அது ஒன்று. மைனா நாலு, காக்காய் ஏழு, தூரத்தில் ஒரு டிராக்டர், அதை எழுத வேண்டியதில்லை. காது எப்போதும்போல வேலை பார்க்கிறது என்பதில் அவளுக்கு ஒரு சின்னத் திருப்தி. அறுபத்திரண்டு வயது. கண்ணுக்குக் கண்ணாடி வந்தாயிற்று, முழங்காலுக்குத் தைலம் வந்தாயிற்று, காதுக்கு மட்டும் எதுவும் வரவில்லை. வருமா என்ன? தாராபுரம் எக்ஸ்சேஞ்சில் வருஷக்கணக்காக ஹெட்செட் மாட்டி உட்கார்ந்த காது அது. ஒரே ஒரு ஹலோவில், பேசுவது மில் முதலாளியா, அவர் மச்சானா, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாரா, பல் கட்டியிருக்கிறாரா என்பதுவரை சொல்லிவிடுவாள். டிரங்க் கால் காலத்தில் அவளுக்குத் தெரியாத குடும்ப ரகசியம் அந்த வட்டாரத்தில் இருந்ததில்லை; அதையெல்லாம் வெளியே விடாமல் வைத்துக்கொண்டதுதான் அவள் பெருமை. அந்தக் காதோடுதான் பறவை பார்க்க வந்தாள். மற்றவர்கள் பைனாகுலரை அங்கும் இங்கும் ஆட்டிக்கொண்டிருக்கையில் இவள் கண்ணை மூடி நின்று, புள்ளிச் சில்லை முப்பது, வலது கைப்பக்கம் என்பாள். எண்ணிப் பார்த்தால் முப்பது இருக்கும், இல்லாவிட்டால் முப்பத்தொன்று இருக்கும். சோளக்காட்டில் அப்படித்தான் முடியும். ஆள் உயரத்துக்குமேல் இரண்டு முழம் வளர்ந்து நெருக்கியடித்து நிற்கிற சோளத் தட்டுக்குள்ளே, உள்ளங்கைக்குள் அடங்கிப்போகிற குருவி, தானியம் முற்றிய கருதைக் கவ்விக்கொண்டு தலைகீழாகத் தொங்கித் தின்றுகொண்டிருப்பதைக் கண் எங்கே போய்த் தேடும்? காது இடம் சொல்லும், பிறகு கண் அங்கே போகும். இருபது வருஷமாக அதுதான் முறை.

மூன்று நிமிடம் ஆயிற்று. சில்லை இல்லை. ஒன்றுகூட இல்லை. போன வருஷம் இரண்டு. அதற்கு முந்தின வருஷம் ஒன்பது, அதற்கும் முன்னால் முப்பத்தொன்று. ஆறு வருஷத்துக்கு முன்னால் இதே வரப்பில் இருநூற்றுப் பத்து எழுதியிருக்கிறாள், பேனாவை எடுக்க நேரமில்லாமல் விரலால் தொடையில் தட்டித் தட்டி எண்ணியது இன்னும் நினைவிருக்கிறது. இருநூற்றுப் பத்து, போன வருஷம் இரண்டு. இந்த வருஷம் சுழியம் என்றால் அந்தச் சுழியத்தை ஒன்பது மணிக்குள் நந்தகோபாலுக்கு அனுப்ப வேண்டும். நந்தகோபால்தான் அவர்களுடைய பறவை நண்பர்கள் குழுவைக் கூட்டி நடத்துகிறவன், கல்லூரியில் விலங்கியல் எடுக்கிறான், சுறுசுறுப்பு ஜாஸ்தி. நேற்றே போனில் சொல்லிவிட்டான்: "அக்கா, உங்க ஊஞ்சவலசுக் கணக்கு வந்தா பைல் முடிஞ்சிருமுங்க. திங்கக்கெழமை விவசாயக் கூட்டத்துல விதை மருந்துக்கு எதிரா மனு குடுத்தர்றோம். காட்டு நம்பரு, பேரு எல்லாம் போட்டாச்சு." பேரு என்றால் வேலப்பன் பேர். போட்டது நந்தகோபால், ஆனால் எடுத்துக்கொடுத்தது மரகதம். சுழியம் என்று எழுதப்போகிற இடத்தில் பேனா முனை ஒரு புள்ளி வைத்துவிட்டு நின்றது. இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது, அதற்குள் ஏன் எழுத வேண்டும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் விதைப்புச் சமயத்தில் ஒரு வேலையாக இந்தப் பக்கம் வந்தவள், வரப்போரம் சிந்திக் கிடந்த சோள விதையைப் பார்த்தாள். பஞ்சுமிட்டாய் நிறத்தில் இருந்தது. மருந்து தடவிய விதை. அந்தப் பொங்கலுக்குத்தான் எண்ணிக்கை திடுமென்று முப்பத்தொன்றுக்கு இறங்கியது. அந்த இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட அவளுக்கு ஒரு ராத்திரிகூட ஆகவில்லை. வேலப்பனிடம் கேட்டாள். "கடையில குடுத்ததுங்க்கா, பூச்சி வரக்கூடாதுன்னு எல்லாரும் அதத்தான் போடறாங்க, நாம்மட்டும் என்னத்தப் புதுசா" என்றான். இவள் கேட்கவில்லை. குழுவின் மாதப் பத்திரிகையில் எழுதினாள், விதை படத்தோடு. 'குருவியில்லாத காடு' என்று தலைப்பு வைத்தது நந்தகோபால். சில்லை மட்டுமல்ல, சில்வண்டுச் சத்தம்கூட அடங்கிவிட்டது, பொழுது இறங்கினால் காடு பிணம்போலக் கிடக்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தாள், அதை எல்லோரும் பாராட்டினார்கள். பத்திரிகையை யாரோ போனில் அனுப்பி, அது ஊருக்குள் சுற்றி, வேலப்பன் காடு விஷக்காடு ஆகிவிட்டது. விஷக்காட்டுத் தட்டை மாட்டுக்கு யார் போடுவார்கள்? தட்டுப்போர் போட்டது போட்டபடி மழையில் நனைந்து கறுத்ததாகக் கேள்வி. பள்ளிக்கூடத்தில் அவன் மகளைக் கூப்பிட்டு, உங்கப்பனா குருவிக்கு வெஷம் வெச்சது என்று கேட்டார்களாம். அப்புறம் அவன் இவளிடம் பேசவில்லை. காட்டுக்குள் வராதே என்றும் சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது. வராதே என்று சொல்லியிருந்தால் இவளும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பாள். இன்றைக்குப் பஸ் ஸ்டாப்பு டீக்கடைக்காரர்தான் சொன்னார், இதோட சோளத்த உட்டர்றானாம், கருது அறுத்ததும் தென்னங்கன்னு வெக்கறான், குழிக்கு அளந்தாச்சு என்று. தென்னைக்குள் சில்லைக்கு என்ன வேலை? சுழியத்துக்குக் கீழே வேறு எண் கிடையாது.

அந்த மூலை இன்னும் இருக்கிறதா என்று தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டினாள். இருக்கிறது. காட்டின் வடமேற்கு மூலையில், கிளுவை வேலி திரும்புகிற இடத்தில், ஒரு பாத்தி அளவுக்குத் தட்டு காய்ந்து வெளுத்து நின்றது. போன வருஷத்துத் தட்டு, அறுக்காமல் விட்டது. பேச்சு இல்லாமல் போன பிறகும் விட்டிருக்கிறான். அதன் கதை இவள் முதன்முதலாக இங்கே வந்த வருஷத்துக் கதை. அப்போது வேலப்பனுக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். காடு அறுப்பில் இருந்தது. அந்த மூலையில் ஒரு கருதின்மேல் உட்கார்ந்திருந்தது அது: சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிசு, கறுத்த தலை, மஞ்சள் வயிறு, தடித்த அலகு. தூக்கணாங்குருவியோ என்று பார்த்தாள், தைமாதத்தில் தூக்கணாங்குருவிக்கு ஏது மஞ்சள்? பன்ட்டிங். வடக்கே எங்கேயோ மலை தாண்டிக் குளிர்தேசத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குப் பயந்து தானியம் தேடித் தெற்கே இறங்குகிற ஜாதி. இவ்வளவு தூரம் தெற்கே வருவது எப்போதாவது ஒன்று, அதுவும் வழி தவறித்தான். புத்தகத்தில் இருக்கிற படத்தையும் கருதின்மேல் இருக்கிற உயிரையும் இவள் மாற்றி மாற்றிப் பார்த்ததைக் கண்டு வேலப்பன் சிரித்துவிட்டான். என்னங்க்கா, ஒரு குருவிக்குப் போயி என்றவன், அது எங்கிருந்து வந்திருக்கிறது என்று இவள் சொன்னதும், அப்படியே நிறுத்திவிட்டு அறுவாளை இடுப்பில் செருகிக்கொண்டான். அப்பன்னா விருந்தாளிங்களே என்றான். அந்த மூலையை மட்டும் விட்டு மற்றதை அறுத்தார்கள். மறுவருஷம் அந்தக் குருவி வரவில்லை, அதற்கடுத்த வருஷமும் வரவில்லை, ஆனால் மூலை வருஷா வருஷம் நின்றது. குருவிக்கு வழி தெரிஞ்சா வரட்டுமுங்க, நாம எலையப் போட்டு வெச்சிருவோம் என்பான். ஒரே ஒரு தடவை வந்த விருந்தாளிக்காக இருபது வருஷம் இலை போட்டுக் காத்திருக்கிறவனை விஷம் வைத்தவன் என்று எழுதினோமே என்று எப்போதாவது தோன்றும். உடனே எண்ணிக்கை குறுக்கே வந்து நிற்கும். முப்பத்தொன்று, ஒன்பது, இரண்டு. எண்ணிக்கை பொய் சொல்லுமா?

ஆறாவது நிமிடத்தில், மூலையைப் பார்க்கப் போன கண் திரும்பி வருகிற வழியில், வேலியில் அதைப் பார்த்தாள். கிளுவைக் குச்சியின் நுனியில் ஒரு வெண்தொண்டைச் சில்லை. சுழியம் இல்லை, ஒன்று! பைனாகுலரைச் சத்தமில்லாமல் தூக்கினாள். தவிட்டு முதுகு, கறுத்த கூர்வால், ஈயப் பாத்திரம் மாதிரி மங்கலாக மின்னுகிற அலகு. ஆண்தான், உடம்பை நிமிர்த்தி, தலையை இடமும் வலமும் மெதுவாகத் திருப்பிக்கொண்டிருந்தது. அலகு திறந்தது, மூடியது. திறந்தது, மூடியது. தொண்டையின் வெள்ளைப் பூஞ்சிறகு விடாமல் படபடத்தது. பாடுகிறது. பெண் பக்கத்தில் எங்கேயோ இருக்க வேண்டும், பெண்ணுக்காகத்தான் இப்படி நிமிர்ந்து நின்று பாடும். மரகதம் அந்தப் பாட்டுக்காகக் காத்திருந்தாள். சின்னக் கொலுசை யாரோ அடுத்த அறையில் மெதுவாக உலுக்குகிற மாதிரி இருக்கும், அவளுக்கு அத்துப்படி. வரவில்லை. தூரம் அதிகமோ என்று பார்த்தாள். முப்பது அடிகூட இராது. காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறதோ? காற்றே இல்லை, சோளத் தோகை ஒன்றுகூட அசையவில்லை. மப்ளர்! தலையைச் சுற்றி இந்தக் கம்பளியைக் கட்டிக்கொண்டு என்ன கேட்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டு ஒரு கையால் அவிழ்த்துத் தோளில் விட்டாள். குளிர் இரண்டு காதிலும் ஜில்லென்று ஏறியது. மயில் முன்னைவிடச் சத்தமாகக் கேட்டது. செம்போத்து கேட்டது. குருவி அலகைத் திறந்தது, மூடியது, தொண்டை படபடத்தது. டிவியில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாட்டுக்கச்சேரி பார்க்கிற மாதிரி இருந்தது. பாடுகிற பாவனை செய்கிறதோ, குருவிக்குத் தொண்டை கட்டிக்கொள்ளுமோ என்றுகூட ஒரு கணம் யோசித்தாள். அறுபத்திரண்டு வயதில் இப்படியெல்லாம் யோசிக்க வருகிறதே என்று சிரிப்பும் வந்தது, சிரிப்பு பாதியிலேயே நின்றது.

கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் சேர்த்துக் காதோரம் வைத்துத் தேய்த்தாள். தேய்கிறது, தோலுக்குத் தெரிகிறது, காதுக்குத் தெரியவில்லை. மற்றக் காது. அதுவும் அப்படியே. தெர்மாமீட்டர்! போன வருஷம் வீட்டுக்காரர் சிவசாமிக்குக் காய்ச்சல் வந்தபோது, வாயில் வைத்த தெர்மாமீட்டர் அடிக்கவே இல்லை. அடிச்சிருச்சு, எடு என்று அவர் வாயில் வைத்தபடியே குழறினார். காய்ச்சலில் உளறுகிறார் என்று இன்னும் ஐந்து நிமிடம் வைத்திருந்தாள். சைனா சரக்கு என்று அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கினாள். அதுவும் அடிக்கவில்லை. மூன்றாவது வாங்கி வந்த அன்று மருந்துக்கடைக்காரரிடம் போட்ட சண்டையை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. மூன்று தெர்மாமீட்டர், ஒரு கைக்கடிகாரம், ஊரிலிருந்த சில்வண்டு அத்தனையும். ஐயோ, அந்தச் சில்வண்டு! காடு பிணம்போலக் கிடக்கிறது என்று எழுதிப் பாராட்டு வேறு வாங்கினாளே. காடு கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது, ராத்திரி முழுக்க, மூன்று வருஷமாக, இவளைத் தவிர எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. ஆனால் எக்ஸ்சேஞ்சுக் காதாயிற்றே? மனசு அங்கே போய் முட்டி நின்றது, வண்டிமாடு பழகின வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி. பிறகு அதுவும் பிடிபட்டது. டெலிபோன் கம்பியில் வந்ததெல்லாம் மனுஷக் குரல், அதுவும் மேல் சுருதியையும் கீழ் சுருதியையும் நறுக்கின குரல். குருவிச் சத்தம் எந்தக் காலத்தில் அந்தக் கம்பியில் வந்தது? மயில் கேட்கிறது, மனுஷன் கேட்கிறான், காக்காய் கேட்கிறது. மேலே இருக்கிற பொடிச் சத்தம் மட்டும் ஒவ்வொன்றாகக் கழன்றுபோயிருக்கிறது, பொங்கலுக்குப் பொங்கல், முப்பத்தொன்று, ஒன்பது, இரண்டு என்று. அவள் எண்ணிக்கொண்டிருந்தது குருவியை இல்லை. தன் காதைத்தான் எண்ணி, தேதி போட்டு, வேலப்பன் பெயரில் எழுதி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறாள்.

முதலில் பயம் வந்தது, கூடவே வெட்கம். அதோடு நில்லாமல் மூன்றாவதாக ஒன்றும் எட்டிப் பார்த்தது, அதுதான் அவளுக்கே ஆச்சரியம். இந்தக் குருவியின் தொண்டையை இத்தனை வருஷத்தில் ஒரு தடவையாவது இப்படிப் பார்த்திருக்கிறாளா? சத்தம் கேட்டதும் பேரை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். பாடும்போது அது குச்சியின்மேல் நுனிக்காலில் எழும்புகிறது. ஒவ்வொரு வரியும் முடிகிற இடத்தில் கண்ணைப் பாதி மூடுகிறது. வால் தாளம் போடுகிறது. காது காட்டாத இடத்துக்கு இப்போது கண் தானாகப் போயிற்று. மூலையில் வெளுத்த தட்டுக்குள் ஒரு கருது காற்றில்லாமல் ஆடியது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. உற்றுப் பார்க்கப் பார்க்க, பழைய தட்டும் புதுத் தட்டும் சேர்கிற இடம் முழுக்கக் கருது கருதாக நடுங்கிக்கொண்டிருந்தது. இருக்கிறார்கள். எத்தனையோ பேர் இருக்கிறார்கள், பந்தி நடக்கிறது, இவளுக்குத்தான் சொல்லியனுப்பவில்லை. ஒன்பதாவது நிமிடம். இப்போது என்ன செய்வது? இரண்டு நம்பர் அதிகமாகப் போட்டு அனுப்பிவிட்டு, முழங்கால் முடியவில்லை, அடுத்த வருஷம் வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று நந்தகோபாலிடம் சொல்லிவிடலாம். காது அவரவர் சொந்த விஷயம். யாருக்குத் தெரியப்போகிறது? திங்கட்கிழமை மனு போகும். இவன் தென்னை வைப்பான். பிறகு உண்மையிலேயே குருவி இருக்காது, அப்போது இவள் எழுதியது சரியாகிவிடும். அவ்வளவு சுலபமாகச் சரியாகிவிடும் என்பதுதான் அவளை உலுக்கிப்போட்டது. ஊர் ரகசியத்தையெல்லாம் வாய்க்குள் வைத்துக் காத்தவளுக்கு, தன் ரகசியத்தை ஒரே ஒரு ஆளிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

அந்த ஆள் வந்தான். பதினோராவது நிமிடத்தில் வேலப்பன் வாய்க்கால் பக்கமிருந்து வரப்போடு நடந்து வந்தான், தோளில் மண்வெட்டி, தலையில் துண்டு, காதோரம் நரைத்திருந்தது. இவளைப் பார்த்ததும் நடை கொஞ்சம் குறைந்தது, நிற்கவில்லை. விதி தெரிந்தவன், எண்ணுகிற நேரத்தில் பேச மாட்டான். பேசாமல் போவதற்கு அது வசதியாகவும் இருந்திருக்கும். இவளைத் தாண்டும்போது வரப்பை விட்டுக் கீழே இறங்கி வழிவிட்டு நடந்தான், அந்த மரியாதை இன்னும் மிச்சம் இருந்தது. தாண்டியும் போய்விட்டான். இரண்டடி, மூன்றடி. இருபது வருஷத்தில் முதல்தடவையாக மரகதம் விதியை மீறினாள்.

"வேலப்பா! எனக்குக் காது கேக்கலடா!"

அவள் சாதாரணமாகச் சொன்னதாகத்தான் நினைத்தாள். ஆனால் காடு கிளம்பிவிட்டது. மூலையிலிருந்தும் வேலியிலிருந்தும் புதுத்தட்டின் நடுவிலிருந்தும் ஒரே வீச்சில் சில்லைகள் எழும்பின, அரிசி புடைக்கையில் முறத்திலிருந்து எழும்புகிற மாதிரி எழும்பி, ஒன்றாகச் சாய்ந்து, இவள் தலைக்குமேல் ஒரு வட்டம் போட்டன. அத்தனை இறக்கையும் அத்தனை தொண்டையும் சேர்ந்து என்ன இரைச்சல் போட்டிருக்கும்! இவளுக்கோ, மேலே மேகம் போகிற அமைதி. கை தானாகத் தொடையைத் தட்டியது. பத்து, இருபது, முப்பது. எண்பது. நூற்றிருபது. கண்ணாடி நனைந்துபோயிற்று, ரவிக்கைத் தோளில் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து எண்ணினாள். நூற்றறுபது, கொஞ்சம் முன்னே பின்னே. கூட்டம் திரும்ப மூலையில் இறங்கி மறைந்தது.

வேலப்பன் மண்வெட்டியை ஊன்றி நின்றிருந்தான். "எதுக்குங்க்கா இப்படிக் கத்தறீங்க? பக்கத்துலதான நிக்கறேன்."

"கத்தினேனா?"

"நாலு காட்டுக்குக் கேட்டிருக்குமுங்க."

அவள் சொன்னாள். விரலைத் தேய்த்ததை, கடிகாரத்தை, மூன்று தெர்மாமீட்டரை, வேலிமேல் வாயை வாயைத் திறந்த குருவியை. குரலைத் தாழ்த்தவா உயர்த்தவா என்று தெரியாமல் தடுமாறித் தடுமாறிச் சொன்னாள். "குருவி குறையல வேலப்பா. எனக்குத்தான் கேக்கல. தெரியாமப் பண்ணினேன், ஆனா பண்ணினது நான்தான்." தெர்மாமீட்டர் கதைக்கு அவன் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை.

"என்ற புள்ள ஒரு வாரம் பள்ளிக்கூடம் போகலீங்க" என்றான். "சோறு திங்காம அழுதுச்சு. நாம் என்னத்தச் சொல்றது? இத்தன படிச்சவங்க எழுதிட்டாங்களேன்னு எனக்கே ஒரு நெனப்பு, நெசமாவே நம்மளாலதான் செத்துப்போச்சோன்னு. ஒவ்வொரு நாளும் பொழுது விடிஞ்சா இங்க வந்து நின்னு கேப்பனுங்க. இருக்குதே, கத்துதே, அக்காவுக்கு மட்டும் ஏன் இல்லைன்னு."

மரகதம் போனை எடுத்து, அவன் பார்க்கும்படி வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் நந்தகோபாலுக்கு அடித்தாள். சில்லை நூற்றறுபது. முந்தின மூன்று வருஷத்துக் கணக்கும் தப்பு. குருவி இருந்தது, எண்ணினவளுக்குக் காது கேட்கவில்லை. வேலப்பன் பெயரை மனுவிலிருந்து எடுத்துவிடு. நான் எழுதினதைத் தப்பு என்று அடுத்த பத்திரிகையில் நானே எழுதுகிறேன். அந்த விதை மருந்து நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி எழுதிவிட்டேன். அனுப்புகிற பொத்தானை அமுக்கும்போது விரல் ஒரு நொடி தயங்கியதை வேலப்பனும் பார்த்தான். அமுக்கினாள்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. உனக்கு என்னென்ன கேக்குது, சொல்லு" என்றாள்.

அவன் தலையிலிருந்த துண்டை அவிழ்த்தான். "மூலையில தெனக்குருவி, நீங்க சில்லைன்னு சொல்றது. ரெண்டு வகை இருக்குதுங்க, ஒண்ணு கிட்டி கிட்டீன்னு, இன்னொண்ணு சன்னமா. கெணத்துமேட்டுல தூக்கணாங்குருவி, பத்திருக்கும்." நிறுத்தினான். "அப்பறம் ஒண்ணுங்க. நாலு நாளா. டிப், டிப்புனு. தனியாத்தான் இருக்கும். கறுத்த தலை, மஞ்ச வயிறு."

மரகதம் அப்படியே அவன் பக்கம் திரும்பினாள். "நாலு நாளாவா?"

"முன்னயின்னா அன்னிக்கே போன் பண்ணியிருப்பனுங்க."

மூலையைப் பைனாகுலரால் அடி அடியாகத் தேடினாள். அகப்படவில்லை. நோட்டில், வேலப்பன் கண்டதும் கேட்டதும், பன்ட்டிங் ஒன்று என்று எழுதினாள். மேலே, கணக்கெடுத்தவர்கள் என்ற இடத்தில் இருந்த ஒன்றை அடித்து இரண்டு ஆக்கினாள். அவன் குனிந்து பார்த்தான். தென்னங்கன்னு என்று இவள் ஆரம்பித்தாள். "கன்னுக்குச் சொல்லியாச்சுங்க" என்றான். கொஞ்சம் கழித்து, "பாக்கலாமுங்க" என்றான். அதற்குமேல் கேட்க அவளுக்கு உரிமையில்லை.

"அக்கா, உங்க வாட்ச்சு அடிக்குதுங்க."

மணிக்கட்டைப் பார்த்தாள். ஏழு இருபத்தைந்து. எண்கள் விட்டுவிட்டு மின்னின. காதில் வைத்து அமுக்கினாள், கண்ணாடியின் குளிர்ச்சி மட்டும்தான் இருந்தது.

"எப்படி அடிக்குது?"

அவன் தலையைச் சாய்த்துக் கேட்டான். கடிகாரத்தைப் பார்த்தான், வேலியைப் பார்த்தான். "அந்தா, வேலிமேல ஒண்ணு கத்துதுங்களே, கிட்டத்தட்ட அதுமாதிரியேதானுங்க. இது ஒரு தடவ, அது ஒரு தடவ."

வெண்தொண்டைச் சில்லை பழைய குச்சிக்கே திரும்பி வந்திருந்தது. அலகை மூடியிருந்தது. கழுத்தை நீட்டி, தலையை ஒருபுறமாகச் சாய்த்து, இவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தது. மரகதம் கடிகாரத்தை நிறுத்தாமல் கையை இன்னும் கொஞ்சம் வேலிப்பக்கம் நீட்டினாள். குருவி எழும்பி நுனிக்காலில் நின்றது, அலகைத் திறந்தது.

"அதுக்குக் கேக்குது பாரு" என்றாள், இந்தத் தடவை கூட்டம் கலைந்துவிடக் கூடாதென்று குரலை அடக்கி, அடக்கி.

"என்னங்க்கா சொன்னீங்க?" என்று வேலப்பன் கிட்டே வந்தான். "கேக்கலீங்க."